பாலில் போட்ட ஓபல்

"மல்லிகா, கொஞ்சம் இங்க வந்துட்டுப் போயேன்."

வெள்ளிக்கிழமை காலை. நான் சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். குரல் பூஜை அலமாரிப் பக்கமிருந்து வந்தது. என் கணவர் முரளிக்கு இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று ஊருக்கு. இன்னொன்று, எதையாவது உடைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவதற்கு. இது இரண்டாவது.

கத்தியோடே போனேன்.

"முதல்ல அந்தக் கத்தியைக் கீழ வை," என்றார்.

வைத்தேன். அலமாரிக்கு முன்னால் வெள்ளிக் கிண்ணம். கிண்ணத்தில் பால். பாலில் மஞ்சள் மிதந்துகொண்டிருந்தது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லைக் காணோம்."

"எந்தக் கல்லு?"

"ஹேமாவோட ஓபல்தான். நேத்து விளக்கு ஏத்தினதும் போட்டேன். ராத்திரியே கரைஞ்சுடுச்சு போல."

பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள் நான். ஓபல் என்பது சிலிக்கா, கடற்கரை மணலும் அதுவேதான். சிலிக்கா பாலில் கரைந்தால் கடற்கரை மணலில் யாரும் பால் பாக்கெட்டோடு நடக்க முடியாது. விரலை விட்டுத் துழாவினேன். அடியில் வழவழவென்று ஒன்று அகப்பட்டது.

எடுத்துப் பார்த்தால் வெந்த ஜவ்வரிசி. மொச்சைக்கொட்டை அளவு, மஞ்சள் பூத்த ஜவ்வரிசி. முந்தின நாள் வரை அதற்குள் சிவப்பும் பச்சையும் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. இப்போது அதன் வழியாக என் கைரேகை தெரிந்தது.

"தண்ணியில போடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"தண்ணியில போடலையே. பால்லதானே போட்டேன்."

நான் மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டு கத்தரிக்காய்க்கே போய்விட்டேன்.

பத்துக்குப் பத்து

ஹேமா இவருடைய தங்கை. மேடவாக்கத்தில் அடுக்குமாடி வீடு, ஓ.எம்.ஆரில் வேலை. எங்கள் செம்பாக்கம் வீட்டுக்கு ஸ்கூட்டரில் வந்துவிடுவாள். தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மட்டும் எப்போது வருவாள் என்று சொல்ல முடியாது.

அவளுக்கு முதல் கல்யாணத்தை முடித்து வைத்தவர் இவர்தான். மாப்பிள்ளை பார்த்தது இவர், ஜாதகம் பார்த்தது இவர், மண்டபத்து வாசலில் நின்று எல்லோருக்கும் பன்னீர் தெளித்ததும் இவர். பத்துப் பொருத்தத்தில் பத்தும் இருக்கிறது என்று தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பத்தும் சேர்ந்து அவளை மூன்றே வருடத்தில் குடும்ப நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தின.

ஹேமா இவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டு வாங்கினால் ஆறிப்போகும் மனசு இவருக்கு. அவள் ஒன்றும் சொல்லாமல் விட்டதில்தான் இவர் ஒடிந்துபோனார்.

அதற்கப்புறம் தங்கை விஷயத்தில் இவர் எதையும் தீர்மானிப்பதே இல்லை. அவள் வீட்டுக்குத் திரைச்சீலை வாங்குவதானாலும், பிறந்தநாளுக்குப் புடவை எடுப்பதானாலும், "மல்லிகா பார்த்துப்பா" என்று நழுவிவிடுவார். புடவைக் கடையில் ஹேமா இரண்டை எடுத்துக் காட்டி "எது அண்ணா நல்லா இருக்கு?" என்று கேட்டால், கழிவறை எங்கே என்று கடைப்பையனிடம் விசாரிக்கப் போய்விடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் பிரபாகர் வந்தார். கோவிலம்பாக்கத்தில் கால்நடை மருத்துவர். மனைவி தவறிச் சில வருடம் ஆகியிருந்தது. ஹேமாவின் குடியிருப்பில் மாடிப்படிக்கு அடியில் படுத்திருக்கும் நாய்க்கு ஊசி போட வந்தவர். நாய் குணமான பிறகும் அதன் உடல்நிலையைப் பற்றி இருவரும் தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். பூச்சி மாத்திரை பற்றி ஒரு மனிதர் அவ்வளவு இனிமையாகப் பேச முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. ஹேமாவுக்கும்தான். ஆனால் தேதி குறிக்கலாம் என்று பேச்செடுத்தால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

அலுவலகத்தில் யாரோ ஒரு தோழி அவளைச் சேலையூரில் ஒரு ஜோசியரிடம் அழைத்துப் போனாள். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, சுக்கிரன் பலம் குறைந்திருக்கிறது என்றாராம். வைரம் போடலாம், முடியாவிட்டால் ஓபல். வெள்ளியில் கட்டி, வெள்ளிக்கிழமை காலையில், கல்லின் அடிப்பாகம் தோலில் படும்படி போட வேண்டும். உலோகம் படுவதற்கு முன்னால் கல்லை ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டுச் சுத்தி செய்துவிட வேண்டும்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சுக்கிரனின் காற்றுமண்டலத்தில் கந்தக அமிலம் இருக்கிறது என்று பாடம் நடத்தியவள், அவரிடம் போய்க் கல்யாண வரம் கேட்க முடியுமா? ஆனால் ஹேமா கேட்டது ஒரு கல். அதைப் போட்டுக்கொண்டால் தைரியம் வரும் என்றால் போட்டுக்கொள்ளட்டும். போடுவது என்று ஆகிவிட்ட பிறகு ஏமாந்து வாங்கக் கூடாது என்பது மட்டும்தான் என் கட்சி.

நாக்கை நீட்டு

முதலில் ஏமாந்தது நான்தான்.

இன்ஸ்டாகிராமில் ஒருவர் ஓபல் விற்றார். கறுப்பு வெல்வெட், மேலே ஒரு பெரிய விளக்கு, இரண்டு விரலுக்கு நடுவில் கல். நெருப்புப் பிடித்ததுபோல் சுடர்விட்டது. வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்தது ஒரு சோப்புத் துண்டு. அந்த விளக்கையும் சேர்த்து அனுப்பியிருந்தால் ஒருவேளை ஜொலித்திருக்கும்.

இரண்டாவது, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். பழைய மிக்ஸி ஜாடிகளுக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில் ஒரு மாலை. நீலம் பூசிய வெள்ளை. "ஓபல்க்கா, ஒரிஜினல்," என்றான் விற்றவன். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். நீலம் போய் ஆரஞ்சு வந்தது. வெளிச்சத்தைச் சிதறடிக்கும் கண்ணாடி அப்படித்தான் செய்யும், சாயங்கால வானம் சிவப்பதும் அதே சங்கதிதான். அதை அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன். பின்னால் நின்ற கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய் மீன் தொட்டிக் கடையில் விட்டது.

பிறகுதான் ரெஜினாவைக் கண்டுபிடித்தோம். மேற்குத் தாம்பரத்தில் ராசிக்கல் கடை. முன்பு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவள். கண்ணாடியில் லாபம் குறையவே, லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு கல்லுக்கு மாறிவிட்டாள். கழுத்தில் சிலுவை, கல்லாவில் நவக்கிரகப் படம். "நம்பிக்கை கஸ்டமரோடது, வாடகை என்னோடது," என்பாள்.

நான் கேட்ட கேள்விகளில் முதல் நாளே அலுத்துவிட்டாள்.

"இன்னா டீச்சர், கல்லு வாங்க வந்தீங்களா, எனக்குப் பரிச்சை வெக்க வந்தீங்களா?"

"ரெண்டும்தான்," என்றேன்.

"அப்ப ஒக்காருங்க. நின்னுகினே பாஸாக முடியாது."

நானும் ஹேமாவும் சனிக்கிழமை தவறாமல் போய் உட்கார்ந்தோம். எங்களுக்கும் ரெஜினாவுக்கும் வாய்ச்சண்டை நடக்காத சனிக்கிழமை இல்லை. அந்தச் சண்டையில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

கடை விளக்குக்குக் கீழே எந்தக் கல்லையும் நம்பக் கூடாது. வாசலுக்கு எடுத்து வந்து, கையால் நிழல் கட்டிப் பார்க்க வேண்டும். மங்கலிலும் நிறம் காட்டுகிற கல்தான் நல்ல கல். அடுத்து, கல்லைச் சுற்றித் திருப்ப வேண்டும். சில கல் நேராகப் பார்த்தால் தீபாவளியாக இருக்கும், கொஞ்சம் சாய்த்தால் அணைந்துபோகும்.

"ஒரு பக்கம் கலரே இல்லாம படுத்துகினு கீதுன்னா, அது செத்த எடம். அதுக்கும் சேத்துத் துட்டு குடுக்காதீங்க," என்றாள் ரெஜினா. அவளிடமே அப்படி ஒரு கல்லைக் காட்டி ஹேமா விலையைக் குறைத்தபோது மட்டும், "அது செத்த எடம் இல்லமா, தூங்குது," என்று மாற்றிக்கொண்டாள்.

நிறத்திலும் சாதி உண்டு. நீலம் மட்டும் காட்டினால் சாதாரணம். பச்சை அதற்கு மேல். சிவப்பு தெரிந்தால் விலை ஏறும். புள்ளி புள்ளியாகத் தெரிவதைவிட, அகலமாக வீசி அடிக்கிற நிறத்துக்கு மதிப்பு அதிகம். கறுத்த உடம்பில் அந்த நிறம் இருந்தால் நம்மைப் போன்றவர்கள் பார்த்துவிட்டு வணக்கம் சொல்லித் திரும்பி வர வேண்டியதுதான்.

அந்தக் கறுப்பில்தான் மோசடியும். ஓபலில் காகிதம்போல் ஒரு சீவலை எடுத்து, கீழே கறுப்பாக ஒன்றையும் மேலே கண்ணாடி மூடியையும் ஒட்டிவிடுவார்கள். மேலிருந்து பார்த்தால் மகாராணி. பக்கவாட்டில் பார்த்தால் அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல் நேர்க்கோடு தெரியும். ஒட்டுக்கல் என்று ரெஜினா சொல்வாள். அழகுக்குப் போடலாம், விலை கொடுக்கக் கூடாது. பாத்திரம் தேய்க்கிற கைக்கு ஆகவே ஆகாது, ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் ஒட்டு மங்கிவிடும்.

கடைசிப் பாடம் நாக்கு. எத்தியோப்பியாவிலிருந்து வருகிற கல்லை நாக்கு நுனியில் வைத்தால் பச்சென்று ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ஈரத்தை இழுத்துக்கொள்வதுதான் காரணம். தாம்பரம் கடைத்தெருவில், பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் என்னைப் பார்த்த பல பெற்றோர்கள் நடந்து போகிற நேரத்தில், நான் நாக்கை நீட்டி அதில் கல்லை ஒட்டவைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"இதைத் தண்ணியில மட்டும் போட்டுடாதீங்க டீச்சர்," என்றாள் ரெஜினா. "மேடவாக்கம் அபார்ட்மென்ட் மாதிரி, எத்தினி தண்ணி லாரி வந்தாலும் இஸ்துகினே இருக்கும். கலர் போய்டும். காஞ்சாத்தான் திரும்பும், அதுவும் எப்போன்னு சொல்ல முடியாது."

நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்ததும் எத்தியோப்பியக் கல்தான். வெள்ளை உடம்பு. மெல்லச் சாய்த்தால் ஒரு சிவப்பு வீச்சு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடும். ஒரு மூலையில் மட்டும் வேப்பங்கொழுந்து நிறத்தில் ஒரு பச்சை, எப்படித் திருப்பினாலும் நகராது. செத்த இடம் என்று எதுவும் இல்லை. அதைக் கண்டெடுத்தவள் நான். நூறு கல்லுக்கு நடுவில் போட்டாலும் அடையாளம் சொல்வேன். ஹேமாவும் சொல்வாள். இந்த வித்தையில் அவள் என்னைத் தாண்டிப்போய்ப் பல வாரம் ஆகியிருந்தது.

கலர் வரட்டும்

அந்தக் கல்தான் வெள்ளிக்கிழமை காலையில் ஜவ்வரிசியானது. தண்ணீரில் போடாதே என்று நான் சொன்னதை இவர் தட்டவில்லை. ஜோசியருக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறார். தண்ணீருக்குப் பதில் பசும்பால் என்றால் இன்னும் விசேஷம், ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். இரண்டு சிட்டிகை போட்டேன் என்று பிறகு இவரே ஒப்புக்கொண்டார்.

ஹேமா அலுவலகம் போகிற வழியில் வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரபாகர் வீட்டார் தேதி குறிக்க வருவதாக இருந்தது. கல்லை வாங்கிப்போய் மோதிரம் கட்டக் கொடுக்கத்தான் வந்தாள்.

உள்ளங்கையில் அதை வைத்துப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். எனக்கு உயிர் வந்தது.

"விடு அண்ணா, பரவால்ல," என்றாள். பிறகு கல்லை மேஜைமேல் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை அவங்க வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

"ஏன்?" என்றேன்.

"கலர் திரும்பி வரட்டும் அண்ணி. அப்புறம் பார்க்கலாம்."

"வராமலே போயிட்டா?"

"வேண்டாம்னு அர்த்தம்."

எனக்குக் கோபம் வந்தது. ஈரம் ஆவியாகிற வேகத்தை வைத்துக் கல்யாணத்தைத் தீர்மானிக்கிறாளே என்று கத்தினேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குப் பயம். முதல் தடவை எல்லாம் பொருந்தியும் கீழே விழுந்தவள், இந்தத் தடவை விழாமலிருக்க ஏதாவது ஒரு சாக்கைத் தேடிக்கொண்டிருந்தாள். அண்ணனே அதைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார்.

இவர் கல்லை அரிசி டப்பாவில் புதைத்து வைத்தார். தண்ணீரில் விழுந்த செல்போனுக்கு அப்படித்தான் செய்வார்களாம். தினமும் காலையில் அரிசியைக் கிளறி எடுத்துப் பார்ப்பார். மறுபடி புதைப்பார். சோற்றில் கல் கிடைத்தால் துப்பாமல் என்னிடம் கொடு என்று எனக்குக் கட்டளை வேறு.

ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போனது. ஹேமாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்தோம். பிரபாகர் உடனே கஞ்சியோடு கிளம்பி வந்து, காய்ச்சல் இல்லாத பெண்ணுக்குக் காய்ச்சல் பார்த்துவிட்டுப் போனார். கால்நடை மருத்துவர்களை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. அவர்கள் பார்க்கிற நோயாளிகள் பேசுவதே இல்லை. ஆனாலும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறும் நெருங்கியது. கல் அப்படியே இருந்தது. ஹேமா போனில், "பிரபாகர் கிட்ட நேர்ல பேசிடறேன் அண்ணி. அவரைக் காக்க வெக்கறது தப்பு," என்றாள். என்ன பேசப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் குரலே சொல்லிற்று. பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த இவர், செருப்பை மாட்டிக்கொண்டு பேங்குக்குப் போய்விட்டு வருகிறேன் என்று புறப்பட்டார். அன்று பேங்குக்கு விடுமுறை.

கெமிஸ்ட்ரியில் நடக்கும்

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை இவர் படிப்பதில்லை. "நான்தான் கூடவே இருந்தேனே, எனக்கு எதுக்கு?" என்பார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். இவரைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

மறுநாள் சாயங்காலம் ஹேமாவை வரவழைத்தார். இவர் அவளை இப்படிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. அவள் வந்து உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து பஞ்சில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"பாரு. கலர் வந்துடுச்சு."

ஹேமா பஞ்சைப் பிரித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

கறுப்புக் கல். பாலில் போனபோது வெள்ளையாக இருந்த கல், கறுப்பாகத் திரும்பி வந்திருந்தது. உள்ளே பச்சையும் நீலமும் புள்ளி புள்ளியாகத் திருவிழா சீரியல் லைட்போல் மின்னின. ஹேமா பழக்கதோஷத்தில் பால்கனிக்கு எழுந்து போனாள். கையால் நிழல் கட்டினாள். சுற்றித் திருப்பினாள். பிறகு பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, அடிக்கோல் வைத்துப் போட்ட நேர்க்கோடு.

"மஞ்சள் உள்ள இறங்கி, காய்ஞ்சதுல கொஞ்சம் கறுத்திருக்கு," என்றார் இவர். "ஆனா கலர் பாரு, முன்னைவிட ஜோரா இருக்கு இல்ல?"

இவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை முடிவு ஒட்டுகிற பலகைக்கு முன்னால் இந்த முகத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இது அந்தக் கல் இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிரபாகர் விஷயம் அதோடு முடிந்தது. இவரும் இனி எழுந்திருக்கவே மாட்டார். சொல்லாதே என்று அவளுக்கு ஜாடை காட்டலாமா என்று நினைத்தேன். காட்டவில்லை. அது அவள் வாழ்க்கை. பொய் என்று தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவள் சம்மதம் சொல்ல வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஹேமா கல்லை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமாண்ணா," என்றாள். "வந்துடுச்சு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீரும் குறும்பும் சேர்ந்து நின்றன.

"கெமிஸ்ட்ரியில இப்படி நடக்கும்தானே அண்ணி?"

என்னிடம் படித்த பிள்ளைகளையெல்லாம் மனசுக்குள் வரிசையாக நிறுத்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"நடக்கும்," என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கிழமை அவங்களை வரச் சொல்லிடு அண்ணா. நீயே போன் பண்ணு."

இவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார். மாடியில் குழாய் கிடையாது.

பிறகொரு நாள் ரெஜினா சொன்னாள். "ஒங்க சார் இங்கதான் மொதல்ல வந்தாரு. பால்ல போட்டாலும் தாங்கற மாதிரி ஓபல் கீதான்னு கேட்டாரு. அதெல்லாம் இல்ல சார்னேன். பஸ் ஏறி எங்கியோ பூட்டாரு." எந்தக் கடைக்குப் போனார், எவ்வளவுக்கு ஏமாந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

இரண்டு மோதிரம்

கல்யாணம் கோவிலம்பாக்கத்தில் சின்ன மண்டபத்தில் நடந்தது. இந்தத் தடவை வாசலில் பன்னீர் தெளிக்க இவர் மறுத்துவிட்டார். பிரபாகர்தான் இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிற்க வைத்தார். படிக்கட்டு நாய்க்கும் கழுத்தில் ஒரு பூச்சரம் இருந்தது.

சில வாரம் கழித்து இவர் என்னிடம் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். வெள்ளி மோதிரம்.

"கடையில பார்த்தேன். உனக்கு நல்லா இருக்கும்னு தோணுச்சு."

கல்லை மெல்லச் சாய்த்தேன். சிவப்பு வீச்சு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடியது. மூலையில் வேப்பங்கொழுந்துப் பச்சை, அசையாமல். உடம்பு மட்டும் நெய் நிறத்துக்கு மாறியிருந்தது. எங்கள் வீட்டு மஞ்சள்.

ஆக, கல் காய்ந்து தானாகவே உயிர்பெற்றிருக்கிறது. ஏற்கெனவே திரும்பி வந்துவிட்டதாக அறிவித்தாயிற்று, இப்போது மறுபடியும் வந்தது என்று எப்படிச் சொல்வது? பாவம், எத்தனை நாள் சவரப் பெட்டிக்குள் ஒளித்து வைத்துத் தவித்தாரோ.

"இந்த மஞ்சள் கலர் ரொம்ப அபூர்வமாம்," என்றார் தைரியமாக.

"ஆமா, எங்கயும் கிடைக்காது," என்றேன். போட்டுக்கொண்டேன்.

ஆனால் அது என்னுடையது இல்லையே. அடுத்த முறை இவர் இல்லாமல் தனியாகக் கோவிலம்பாக்கம் போனபோது, ஹேமாவிடம் கையை நீட்டினேன். அவள் என் விரலைப் பிடித்து ஒரு தடவை சாய்த்தாள். சிரிப்பில் சுவரில் சாய்ந்துவிட்டாள். வரவேற்பறையில் ஒரு பூனைக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த பிரபாகர் வந்து, அவள் விரலில் இருந்த கறுப்பையும் என் விரலில் இருந்த நெய் நிறத்தையும் எட்டிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் மோதிரத்தைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன்.

"எடுத்துக்க ஹேமா. இது உனக்காகப் பார்த்தது. நீ போட்டிருக்கறது ஒட்டுக்கல். ரெஜினா கிட்ட குடுத்தா டீ கூட வாங்கித் தர மாட்டா."

"தெரியும் அண்ணி."

அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். குழாயைத் திறப்பதற்கு முன்னால் அந்தக் கறுப்பு மோதிரத்தைக் கழற்றினாள். முந்தானையில் துடைத்து, தண்ணீர் தெறிக்காத உயரத்தில், மேல் அலமாரியில் ஒரு கிண்ணத்துக்குள் வைத்தாள். உள்ளே பஞ்சு போட்டிருந்தாள்.

"தண்ணி பட்டா மங்கிடும்னு ரெஜினா சொன்னாங்கல்ல," என்றாள். "அதான், குளிக்கறப்பகூடப் போட்டுக்கறதில்ல."

"அதுக்கா இவ்ளோ பாதுகாப்பு?"

அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்த்தாள்.

"அது நீங்களும் நானும் பார்த்து எடுத்த கல்லு அண்ணி. இது அண்ணா யாரையும் கேக்காம, பயப்படாம, அவரே கடைக்குப் போய் எனக்குன்னு எடுத்தது. இத்தனை வருஷத்துல இது ஒண்ணுதான்."

நான் என் மோதிரத்தை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டேன்.